கோபேயில் கனோ கென்ஜியைத் தேடி

ஜப்பானில் குத்துச்சண்டைப் போட்டிகளை மேடையேற்றிய முதல் தலைமுறையினருள் கனோ கென்ஜி (1881–1947) முக்கியமானவர். அப்படியிருந்தும் அவர் வாழ்ந்த கோபேயில் நான் நடந்த தெருக்களில் அவர் பெயர் தாங்கிய ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. அந்த ஆதங்கம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

கோபேயின் மிகாகே, நாடா வட்டாரம் முழுவதும் கனோ குடும்பத்தின் பெயர்தான். 1659-இல் தொடங்கிய கிகு-மசமுனே, 1743-இல் தொடங்கிய ஹகுட்சுரு என்னும் இரு சாக்கே (அரிசி மது) ஆலைகளும் இந்தக் குடும்பத்தாருடையவை. இரண்டின் அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை என்பது, ஒவ்வொரு யென்னையும் ரூபாயாக்கிப் பார்த்துச் செலவழிக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆள் உயர மரத்தொட்டிகளையும் பழைய வடிகருவிகளையும் பார்த்தபோது, எத்தகைய செல்வச் செழிப்பிலிருந்து கென்ஜி வந்தார் என்பது விளங்கியது.

1860-இல் இதே மிகாகேயில் பிறந்து, 1882-இல் கோடோகன் என்னும் பயிற்சிப் பள்ளியை நிறுவி ஜூடோவை உருவாக்கிய கனோ ஜிகோரோவை உலகமே அறியும். அதே குடும்பத்தின் வழிவந்த கென்ஜியோ, 'பிஸ்டல் கென்' என்று அஞ்சப்பட்ட கோபே தாதா. அவர் ஜூடோக்காரரையும் குத்துச்சண்டைக்காரரையும் ஒரே மேடையில் மோதவிட்டு, சீட்டு விற்றுக் காட்சி நடத்தினார். 'ஜூக்கென்' எனப்பட்ட இந்தப் போட்டிகள் 1920-களில் பெரும் கூட்டத்தை ஈர்த்தன.

இதற்குத் துறைமுகமே காரணம் என்பது மெரிக்கன் பூங்காவின் கடலோரத்தில் நின்றபோது எனக்கு உறுதிப்பட்டது. 1868-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கிய மாலுமிகளில் குத்துச்சண்டை தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஊரிலோ ஜூடோ கற்ற இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. கையுறை அணிந்தவர் எட்ட நின்று குத்தி வீழ்த்தப் பார்ப்பார். ஜூடோக்காரர் அந்தக் குத்துகளைத் தாங்கிக்கொண்டு நெருங்கி, பிடித்துத் தூக்கியெறிய வேண்டும், அல்லது கையை மடக்கிப் பூட்டிப் பணியவைக்க வேண்டும். விதிகளோ போட்டிக்குப் போட்டி மாறின. இன்று கலப்புச் சண்டைக்குக் கோடிகளைக் கொட்டுகிறார்கள். குத்துபவர் வெல்வாரா, பிடித்து வீழ்த்துபவர் வெல்வாரா என்ற அதன் கேள்வி அன்றே இந்தக் கரையில் கேட்கப்பட்டுவிட்டது.

ஜிகோரோவுக்கு இத்தகைய காட்சிச் சண்டைகள் பிடிக்கவில்லை. 1921 மார்ச்சில் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் அட் சான்டெல் என்னும் மல்யுத்தர் ஜூடோ வீரர்களோடு மோதியதையும் கோடோகன் ஏற்கவில்லை. ஜிகோரோவின் கண்டிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடிதடி உலகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக, கோபேயில் 'டாய் நிப்போன் கென்டோகாய்' என்னும் குத்துச்சண்டைக் கூடத்தையே நிறுவிய கென்ஜியை ஊர் நினைவிலிருந்து நீக்குவது நியாயமில்லை. அவருடைய குற்றங்களையும் சேர்த்தே எழுதி ஒரு பலகை வைக்கலாமே!

பழைய கேளிக்கைப் பகுதியான ஷின்காய்ச்சிக்கு மாலையில் போனேன். திசைமாற்றப்பட்ட மினாத்தோ ஆற்றின் பழைய படுகையில் எழுந்த இடம் அது. அங்கே ஒரு சிறு கடையில், சோற்றையும் நூடுல்ஸையும் இரும்புக் கல்லில் போட்டுக் கொத்தி வறுத்த சோபமேஷி சாப்பிட்டேன். கருகிய சாஸ் மணமும், நடுவே அகப்பட்ட மாட்டுத் தசைநாரின் மென்மையும் சேர்ந்து, அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த உணவு அதுவே என்று சொல்லவைத்தன; விலையும் மலிவு.

மிச்சம் பிடித்த அந்தப் பணத்தை ஒரு டாக்சி ஓட்டுநர் முன்பே விழுங்கியிருந்தார். பத்து நிமிட நடைத் தொலைவுக்கு அவர் துறைமுகச் சாலை வழியாகச் சுற்றினார். மீட்டர் ஏறுவதைக் காட்டிக் கேட்டதற்குப் புன்னகை மட்டுமே பதிலாகக் கிடைத்தது. ஆகவே டாக்சியே வேண்டாம்: ஹன்ஷின் பாதையில் சுமியோஷி நிலையத்தில் இறங்கி, ஹகுட்சுருவுக்கு நடந்தே செல்லுங்கள். அங்கே அதிவிரைவு வண்டிகள் நிற்பதில்லை. சன்னோமியாவில் சாதாரண வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.