ஒரு நிழற்குடைக்காக எம்.பி.யைத் தேடிய மாதம்

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் ஊர் நிறுத்தத்துப் புளியமரம் போய்விட்டது. அன்றிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எம்.பி. தொகுதி நிதியில் ஒரு நிழற்குடை கேட்டு வாங்கலாம் என்று நான்தான் வாயை விட்டேன். அதனால் அலைச்சலும் என் தலையில் விழுந்தது.

ஊராட்சித் தீர்மானம் இரண்டே நாளில் கிடைத்தது. மனுவை எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். அது டிசம்பர் மாதம், குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. இதைக்கூட யோசிக்காமல் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனவனை என்ன சொல்வது? அலுவலகத்து டிவியில் மக்களவை ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குமேல், உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில், நான் பார்க்க வந்த மனிதரே எழுந்து ஒரு ரயில் நிறுத்தத்தைப் பற்றிப் பேசினார். இரண்டு நிமிடம்கூட இருக்காது, மணி அடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்கள் அண்ணா, பார்க்கலாம்" என்றார் உதவியாளர். கொடுத்தேன், ஆனால் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் போன் செய்தால் அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். மறக்காமல் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஒரு கட்சிக்காரர் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை பிற்பகலில் மக்களவையின் கடைசி இரண்டரை மணி நேரம், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. அதில் வேலை இல்லாத உறுப்பினர்கள் பலர் விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் நின்றால் ஆளைப் பிடித்துவிடலாம். போனேன். எனக்கு முன்பே அறுபது எழுபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் கையில் கல்யாணப் பத்திரிகை. மீதிப் பேரில் மருத்துவ உதவிக்குப் பிரதமர் நிவாரண நிதிக்கான கடிதம் கேட்டு வந்தவர்கள் அதிகம். ஒரு அம்மா மகனின் இதய அறுவைச் சிகிச்சைச் செலவு மதிப்பீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவரை முன்னால் போகச் சொன்னேன். நிழற்குடை ஒரு நாள் காத்திருக்கலாம்.

என் முறை வந்தபோது எம்.பி. மனுவை அரை நிமிடம் படித்துவிட்டுத் தலையாட்டினார், பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். பாதி வேலை முடிந்தது என்று நினைத்து ஊரில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஊரக வளர்ச்சிப் பிரிவுக்குப் போனேன். எழுத்தர் கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இ-சாக்ஷியில் ஏறியிருக்கிறதா?" என்றார். 2023 ஏப்ரலிலிருந்து பரிந்துரைகள் அந்த இணையத்தளம் வழியாகத்தான் வர வேண்டுமாம், தாளில் வந்தால் செல்லாதாம். ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் எம்.பி. கையில் இருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறோம். அவர் கையில் பணமே வருவதில்லை. பரிந்துரைப்பதோடு அவர் வேலை முடிகிறது, அனுமதியும் செலவும் மாவட்ட நிர்வாகத்தினுடையவை. அந்த ஐந்து கோடியையும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் பங்குபோட வேண்டும். கேட்பவர்கள் வரிசை எவ்வளவு நீளம் என்று அன்றுதான் உறைத்தது.

மறுபடியும் சனிக்கிழமை, மறுபடியும் வாசல். பரிந்துரை தளத்தில் ஏறியது. அதன்பிறகுதான் பெரிய அடி. நாங்கள் தீர்மானத்தில் எழுதிய புல எண் தவறு. கிராம நிர்வாக அலுவலர், எந்த நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடம் ஊராட்சியுடையதே அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையது என்றார். அவர்களின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. சாலையை இன்னும் அகலப்படுத்த வேண்டியிருக்கும் என்று சொல்லி அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். இருபதடி தள்ளி மந்தைப் புறம்போக்கு, அதாவது ஊர் மாடுகள் நிற்கும் பொது நிலம், கிடந்தது. புதிய தீர்மானம், புதிய புல வரைபடம், ஒன்றியப் பொறியாளரிடம் புதிய மதிப்பீடு, மூன்றாவது சனிக்கிழமை. அந்த முறை உதவியாளரே என்னைப் பார்த்துச் சிரித்து உட்காரச் சொன்னார்.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள், பிறகு தீர்மானம் போடுங்கள். எம்.பி.யைக் கடைசியில் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். தனியார் இடத்துக்கும் கோயில், மசூதி, தேவாலய இடத்துக்கும் இந்த நிதி கிடைக்காது, அதற்காக யாரும் கால் தேய வேண்டாம்.

நிர்வாக அனுமதி வந்துவிட்டது. போன வாரம் நிறுத்தத்தில் ஒரு லோடு எம்-சாண்ட் இறங்கியது. பஸ் வரும்வரை பிள்ளைகள் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடுகிறார்கள். ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்து சத்தம் போடுகிறார்.