துவாரபாலகரின் இடுப்பில் ஒரு கறை

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, கணினியில் முப்பரிமாணச் சிலை வடிக்கும் ஸீபிரஷ் மென்பொருளில் நான் அண்மையில் செதுக்கி முடித்த உருவமும் ஒரு துவாரபாலகராகவே அமைந்துவிட்டது. பல இலட்சம் பாலிகான்கள், அதாவது பரப்பை ஆக்கும் சிறு பலகோணத் துண்டுகள், கொண்ட சிலையின் நுணுக்கங்களை, சில ஆயிரம் பாலிகான்களே உள்ள எளிய மாதிரிக்குப் படங்களாகப் பதித்தெடுப்பதை பேக் செய்வது என்போம். அப்படி எடுக்கும் படங்களில் கேவிட்டி மேப்பும் ஆம்பியன்ட் ஒக்லூஷன் மேப்பும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு நான் வெகுகாலம் வேலை செய்திருக்கிறேன்.

ஒக்லூஷன், பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அரைக்கோளமாகக் கதிர்களை அனுப்பி, எத்தனை கதிர்கள் எதிலும் மோதாமல் வெளியேறுகின்றன என்று கணக்கிடுகிறது. எல்லாம் வெளியேறினால் வெள்ளை, எதுவும் வெளியேறாவிட்டால் கறுப்பு. மழைக்கு முன் வானம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக மூடிக்கொள்ளும் பிற்பகலில் கோபுரச் சுதைகளைப் பார்த்தால், அக்குளிலும் தாடையின் அடியிலும் மெல்லிய இருள் தங்கியிருக்கும். ஒக்லூஷன் தருவது அந்த இருளைத்தான். கேவிட்டிக்கு வானத்தைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்துப் பரப்பைவிட இந்த இடம் குழிந்திருக்கிறதா என்று மட்டுமே அது பார்ப்பதால், உதட்டுக் கோடும் விரல் மடிப்பும் ஆரத்து மணிகளின் இடுக்கும், அதாவது பாசியும் தூசியும் முதலில் படியும் இடங்கள், அதில் துல்லியமாக விழுகின்றன. அழுக்கைப் பூசும்போது, அது எங்கே விழ வேண்டும் என்று காட்டும் முகமூடியாக நான் கேவிட்டியைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஒக்லூஷனை அடிப்படை நிறத்தோடு பெருக்கிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால், நேர் வெளிச்சம் பட்டாலும் அக்குள் கறுத்தே கிடக்கும். அதனால்தான் முப்பரிமாண மாதிரிகளுக்கான ஜிஎல்டிஎஃப் கோப்பு வடிவத்தில் அது படத்தின் சிவப்புச் சேனலில் தனியாக நின்று, மறைமுக ஒளியை மட்டும் குறைக்கிறது. இரண்டு மேப்புகளுமே அளவுகள்தானே தவிர நிறங்கள் அல்ல. ஆகவே நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி என்று குறிக்காமல் ஏற்ற வேண்டும்.

கதாயுதத்தைத் தாங்கிய வலக்கை இடுப்பை ஒட்டியிருந்ததைப் பொருட்படுத்தாமல் முழு உருவத்தையும் ஒரே மூச்சில் பேக் செய்தேன். அசைவூட்டத்தில் கை உயர்ந்தது. ஆனால் கை மறைத்ததால் இடுப்பில் பதிந்த இருள், காப்பி சிந்திய கறைபோல அங்கேயே நின்றது. மாதிரிகளுக்கு வண்ணம் பூசும் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் மென்பொருளில், ஒரே பெயருள்ள பகுதிகள் மட்டுமே ஒன்றையொன்று மறைக்கும்படி அமைத்து, கைக்குத் தனிப் பெயர் கொடுத்து மறுபடி பேக் செய்ததும் கறை மறைந்தது. ஆனால் தனிப் பகுதியாக இருந்த தோள்வளை, அடியில் இருள் இல்லாமல் தோலுக்கு மேலே மிதப்பதுபோலத் தெரிந்தது. வளை கையோடு சேர்ந்தே அசைவதால் அதற்கும் கையின் பெயரையே இட்டு, மூன்றாம் முறை பேக் செய்தேன்.