கோழிச்சிறகும் ஈர நெல்லும்

அப்பாவுக்குக் காது குடையும்போதெல்லாம் இருமல் வரும். கல்லடி வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு, கோழிச்சிறகை உள்ளே விட்டு, கண்ணை மூடி மெதுவாகத் திருப்புவார். இரண்டு திருப்பு சுகமாகப் போகும். மூன்றாவதில் 'கெக் கெக்' என்று தொடங்கிவிடுவார். "காதுக்க விட்டா தொண்டைக்க என்னத்துக்குக் கிச்சுக் கிச்சு?" என்று அம்மா சிரிப்பா. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே காரணம் தெரிந்தது. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 சோடி நரம்புகளில் பத்தாவது வேகஸ். தொண்டை, நுரையீரல், இதயம், குடல் என்று வயிறுவரை இறங்குகிற அந்த நரம்பின் ஒரு சின்னக் கிளை மட்டும் காதுக்கும் வருகிறது. சிலருக்கு அதைத் தொட்டால், தொண்டையில் ஏதோ சிக்கியதாக மூளை எடுத்துக்கொள்ளும்.

போன கிழமை கத்தாரிலிருந்து அண்ணன் மகன் ஒரு விளம்பரப் படம் அனுப்பினான். காதில் மாட்டுகிற கிளிப், ஒரு வயர், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. "மாமி, இதப் போட்டா முடிவெடுக்கிற சக்தி கூடுமாம். வாங்கி அனுப்பவா?" நக்கல்தான். வீட்டுக்கு ஓடு மாற்றுவதா, சீற் போடுவதா என்று எட்டு மாதமாக நான் இழுத்தடிக்கிற கதை கத்தார்வரை போயிருக்கிறது.

விளம்பரம் முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. காதுத் துளைக்கு மேலே கிண்ணம்போல ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே மெல்லிய மின்துடிப்புக் கொடுத்தால் வேகஸ் வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். வெட்டும் இல்லை, ஊசியும் இல்லை. ஜெர்மனியின் டூபிங்கனில் 81 பேருக்கு ஒரு நாள் அப்படிக் கொடுத்து, இன்னொரு நாள் போலியாகக் கொடுத்து, சாப்பாட்டுக்காகவும் காசுக்காகவும் பட்டனை அழுத்தி அழுத்திப் பாடுபடச் சொன்னார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. உண்மையான துடிப்புக் கிடைத்த நாளில் ஆட்கள் உசாராகத் தொடங்கினார்கள், ஆனால் விடாமல் தொடர்வதில் வித்தியாசமில்லை. என் விசயத்தில் என்றால் மேசனுக்குப் போன் எடுக்கிற உசார் வரும், ஓடா சீற்றா என்பது அப்படியே கிடக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, 2006இல் சுவிஸின் சூரிச்சில் டாரியா நோக் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் செய்தது. அது காதில் இல்லை, தலையில். 20 பிராங்கை ஒருவர் பிரிப்பார். மற்றவர் சம்மதித்தால் இருவருக்கும் காசு, மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. 4 பிராங்கை நீட்டினால் பெரும்பாலானவர்கள் 'நீயே வைத்துக்கொள்' என்று மறுத்துவிடுவார்கள். நெற்றியின் வலப்பக்கம், தலைக்கு வெளியே இருந்து, 15 நிமிடம் காந்தத் துடிப்புக் கொடுத்து அங்கேயுள்ள மூளைப் பகுதியைக் கொஞ்சம் மந்தமாக்கினார்கள். 4 பிராங்கை வாங்குகிறவர்கள் நன்றாகக் கூடினார்கள். ஆனால் நியாயமா என்று கேட்டால், மற்றவர்களைப்போலவே அநியாயம் என்றார்கள். தெரிந்துகொண்டேதான் வாங்கியிருக்கிறார்கள்.

வாசித்ததும் சின்ன மாமாவின் முகம்தான் வந்தது. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் படுவான்கரையில் அவருக்கு மூன்று ஏக்கர் வயல். இந்த மாசியில் மெசின் வெட்டி முடியவும் மழை இருட்டிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. நெல் தறப்பாளில் கிடந்தது. யாவாரி லொறியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, ஒரு பிடி நெல்லைக் கையில் வாங்கி, ஒன்றைப் பல்லில் கடித்து, "ஈரம்" என்றான். பிறகு ஒரு விலை சொன்னான். மூடைக்கு மூன்று கிலோ கழிவு வேறு. மாமா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரி, ஏத்து." லொறி போனபிறகு, "அநியாயம் புள்ள, அநியாயம்" என்று சொல்லிச் சொல்லித் தறப்பாளை மடித்தார். அவருடைய நெற்றியில் யாரும் காந்தம் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் சூரிச் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டார்.

"அப்ப அத யாவாரிட தலையில வெச்சா விலையக் கூட்டுவானா?"

பகிடியாகக் கேட்டாலும் அதற்குப் பதில் இருக்கிறது. அதே சூரிச்சில் 2013இல், பிரித்துக் கொடுக்கிறவரின் தலையிலேயே, அதே வலப்பக்கம், மெல்லிய மின்னோட்டம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். குறைத்துக் கொடுத்தால் மற்றவர் தண்டிக்கலாம் என்ற விதி இருந்தபோது, மின்னோட்டம் கூடக் கொடுக்க வைத்தது. தண்டனை இல்லாதபோது, அதே மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைக்க வைத்தது. ஓட்டத்தின் திசையை மாற்றினால் இரண்டும் தலைகீழ்.

மாமா எழும்பிப் போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்து இருந்தார்.

"யாவாரியத் தண்டிக்க நம்மட்ட என்ன புள்ள கிடக்கு?"

நான் தேத்தண்ணி போடப் போனேன்.

இரவு கத்தார்க்காரனுக்குப் பதில் அனுப்பினேன்: "கிளிப் வேணாம் மனே. அந்தக் காச ஓட்டுக்கு அனுப்பு." பார்த்துவிட்டான். இன்னும் பதில் இல்லை.