ரெண்டு நாள்தானா?

நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் 17.6 சதவீதம் காட்டியது. அரசு கொள்முதலுக்கு வரம்பு 17. "இன்னும் ரெண்டு நாள் காயட்டும் ஐயா" என்றேன். நெல் கொண்டுவந்த பெரியவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ரெண்டு நாள்தானா தம்பி?"

விதிப்படி நான் செய்தது சரி. 2022 குறுவையில் மழைக்காக 19 வரை வாங்கச் சொன்னார்கள். இது தை மாதம், நல்ல வெயில், தளர்வு எதுவும் இல்லை. ஈர நெல்லை வாங்கி அடுக்கி, அது சூடேறிப் பழுப்படித்தால் பட்டியல் எழுத்தரான என் தலையில்தான் விடியும்.

ஆனால் அரைப் புள்ளி கூடுதலாக இருந்தால் வழக்கமாக என்ன செய்வேன்? குவியலில் இன்னும் நாலு இடத்தில் கைவிட்டு எடுத்துப் பார்ப்பேன். பல சமயம் 17-க்குள் வந்துவிடும். அன்று ஒரே ஒரு பிடிதான் எடுத்தேன்.

மனைவியும் மகளும் கிருஷ்ணகிரிப் பக்கம். நான் மன்னார்குடி தாண்டி ஒரு கொள்முதல் நிலையத்தில். லோடுமேன்கள் வீட்டுக்குப் போய்விட்டால் களத்தில் பேச ஆள் கிடையாது. காவலர் எட்டு மணிக்கே படுதாவுக்குள் போய்விடுவார் (காவல் காப்பது நாய்தான்). முறை வரும்வரை நெல்லோடு தங்கியிருந்த பெரியவர் மூன்று இரவாக என்னுடன் பேசிக்கொண்டிருந்தார். சி.ஆர். 1009 நெல் ரகம் இந்த வருடம் எப்படித் தூர் கட்டியது, வாய்க்காலில் முறை வைத்தபோது யார் மடையை உடைத்தது, எல்லாம். மகன் சிங்கப்பூரில். பத்து மணிக்கு போனை எடுப்பார், "அங்க பன்னெண்டரை ஆயிருக்கும், தூங்கியிருப்பான்" என்று திரும்ப மடியில் வைப்பார்.

அவரை இன்னும் ரெண்டு இரவு நிறுத்திக்கொள்ளத்தான் மறுபடி பிடி எடுக்காமல் விட்டேனோ? அப்போது அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. நினைக்காமலே கை செய்திருக்கலாம். சரி, அவருக்கும் வீட்டில் யாரும் இல்லையே, அந்தக் கேள்வியில் அலுப்பு இருந்ததா, 'அவ்வளவுதானா' என்கிற ஏக்கம் இருந்ததா? ஏக்கம்தான் என்று வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வருகிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அந்த ரெண்டு இரவும் நான் வீட்டுக்குப் போன் போடவில்லை. மூன்றாம் நாள் மகள், "யாருப்பா அங்க உன் கூட இருக்கா?" என்று கேட்டாள்.

வெளியூரிலிருந்து புதிதாக வருகிற பையன்களிடம், பக்கத்தில் இருக்கிறவர்களோடு பேசுங்கள், தனிமை தெரியாது என்று சொல்கிறேன். சொல்லும்போது மீட்டர் ஞாபகம் வருகிறது.

ரெண்டு நாள் கழித்து 16.5. அறுபது மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. காய்ந்ததில் எடை எவ்வளவு குறைந்திருக்கும் என்று பிறகு ஒருநாள் பட்டியலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முப்பது கிலோவுக்குச் சற்று மேல். ஓர் இரவுக்குப் பதினாறு கிலோ.