எடைப் பெட்டியும் மவுஸும்: கோத்தகிரி நாட்குறிப்பு

அக்டோபர் 14
பசுந்தேயிலை எடை பதியும் திரையைப் பற்றி அலுவலக அக்காவின் கோரிக்கை: "தம்பி, பெட்டியில் கிளிக் செய்ததும் பழைய எண் முழுவதும் தேர்வாகிவிட வேண்டும். நான் புதியதை அடித்தால் போதும்." மாலையில் இலை வண்டிகள் வரிசைகட்டும்போது யார் உட்கார்ந்து ஒவ்வோர் இலக்கமாக அழிப்பது?

நிரல் டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் நிரல்களின் திரைகளை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பு) எழுதியது. அங்கே டெக்ஸ்ட்பாக்ஸுக்கு, அதாவது எண் அடிக்கும் பெட்டிக்கு, மவுஸ்டவுன் (மவுஸை அழுத்தியதும் எழும் நிகழ்வு) என்று எழுதிவைத்தால் இடது பொத்தானுக்கு அது ஓடாது. பிழைச் செய்தியும் வராது. எனக்கு எரிச்சலூட்டுவது இந்த மௌனம்தான்.

அக்டோபர் 15
காரணம் இதுதான். அழுத்தல் முதலில் 'ப்ரிவியூ' நிகழ்வாக ஜன்னலிலிருந்து கீழே பெட்டிவரை இறங்குகிறது. பிறகு மவுஸ்டவுனாக உள்ளிருந்து மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் டெக்ஸ்ட்பாக்ஸ் அதை எடுத்துக் கர்சரை வைத்துக்கொண்டு, 'கையாளப்பட்டது' என்று முத்திரை குத்திவிடுகிறது. அதன்பின் நாம் எழுதியதை யாரும் அழைப்பதில்லை. பந்தி முடிந்த பிறகு இலை போட்டு என்ன பயன்? இறங்கும்போதே பிடிக்க வேண்டும்.

அக்டோபர் 16
மழை. மின்சாரம் இல்லை.

அக்டோபர் 17
தேர்வு செய்யும் வேலையைக் கிளிக்கில் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். கணக்கர் ஐயா மவுஸைத் தொடுவதே இல்லை, எல்லாம் டேப் விசைதான். எனவே விசைப்பலகை ஃபோகஸ் வந்ததும், அதாவது அடிப்பது அந்தப் பெட்டிக்குள் விழும் நிலை வந்ததும், செலக்ட்ஆல் (முழுவதையும் தேர்வு செய்யும் கட்டளை). டேப்பில் அருமையாக நடந்தது. மவுஸில் மட்டும் தேர்வு தோன்றிய வேகத்தில் மறைந்தது: ஃபோகஸ் வந்த பின்னும் அதே அழுத்தல் கர்சரை வைத்துத் தேர்வைக் கலைக்கிறது.

அதனால் ப்ரிவியூவில் ஒரு நிபந்தனை. பெட்டியில் ஃபோகஸ் இல்லையென்றால் நாமே ஃபோகஸ் கொடுத்து, நிகழ்வையும் அங்கேயே முடித்துவிடுவது. ஏற்கெனவே இருந்தால் ஒதுங்கிக்கொள்வது.

அக்டோபர் 19
"ஒவ்வொரு கிளிக்குக்கும் தேர்வானால் என்ன தம்பி?" என்றார் அக்கா. 41.5 என்பதை 47.5 ஆக்கிப் பாருங்கள் என்றேன். இரண்டாவது கிளிக்கில் கர்சர் அந்த ஒற்றை இலக்கத்தின் அருகில் நின்றது. மறுபேச்சு இல்லை.

ஒரு விலை உண்டு: முதல் அழுத்தலை நாம் விழுங்குவதால், அப்போதே இழுத்துப் பாதி எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. எடைக்கு அது நட்டமில்லை. விவசாயியின் முகவரிப் பெட்டிக்கு இந்த ஏற்பாட்டை வைக்கவில்லை. அங்கே ஒரு சொல்லைத் திருத்த வருபவர்களே அதிகம்.