இருபது பைட் பேக்கப்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் ஒன்றில் திருநெல்வேலி டவுனில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பில் கணக்கு முழுவதும் இருக்கிறது. கடை ரத வீதிக்குப் பக்கத்தில் இருந்தாலும் கணக்கு மும்பையில் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. தினமும் இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸை நகலெடுத்து, சுருக்கி, தேதியிட்டு வைப்பதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்; அதற்கான கட்டளை வரிசைதான் ஸ்கிரிப்ட்) எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டிருந்தேன். கையால் ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்துக் கடை அண்ணாச்சி போன் செய்தார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பாக்கி உள்ள ஒரு வாடிக்கையாளரின் கணக்கை அப்படியே அழித்துவிட்டான். “தம்பி, தெனமும் எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னீயளே, அதுல இருந்து அந்தக் கணக்க மட்டும் எடுத்துத் தாங்க” என்றார். ஐந்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டுச் சர்வருக்குள் போனேன். ஒரு நாள்கூட விடுபடாமல் இருநூற்றுச் சொச்சம் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் சரியாக 20 பைட்.

கோப்பைச் சுருக்கும் ஜிசிப் நிரலுக்கு உள்ளீடாக எதுவுமே வராவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாமல், தலைப்பும் வாலும் மட்டும் உள்ள ஒரு கோப்பைச் செய்து தரும் என்பதும், அந்த வெறுங்கோப்பின் அளவு 20 பைட் என்பதும் எனக்கு அன்றுதான் நெஞ்சில் ஏறியது.

முதலில் நான் செய்தது தவறான காரியம். ஸ்கிரிப்ட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். மறுபடி கையால் ஓட்டினேன். 60 எம்பிக்கு மேல் ஒரு நல்ல கோப்பு வந்தது. மீண்டும் படித்தேன். இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரான் ஓட்டினால் ஓடவில்லை என்றால், பிழை ஸ்கிரிப்ட்டுக்குள் இல்லை, அதை ஓட்டுகிறவருக்கும் எனக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது என்பதை அந்தப் பதற்றத்தில் நான் யோசிக்கவில்லை.

பிறகு செய்ததுதான் பயன் தந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டாபில் ஒரு வரி சேர்த்து, சூழல் மாறிகளை, அதாவது நிரல்கள் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகளைக் காட்டும் ‘என்வ்’ கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுத வைத்தேன். என் லாகினில் முப்பதுக்கும் மேற்பட்ட சூழல் மாறிகள் இருக்க, கிரானுக்குக் கிடைத்தவை ஐந்தாறுதான். அவற்றுள், கட்டளைகளை எந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேடுவது என்று சொல்லும் பாத் மாறி, யுஎஸ்ஆர் பின், பின் என்னும் இரண்டு அடைவுகளோடு முடிந்துபோயிருந்தது. நானோ டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸை மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவியிருந்ததால், டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் நிரல் யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் ஓர் அடைவில் கிடந்தது. என் லாகின் கோப்பில் அந்தப் பாதையைச் சேர்த்திருந்தேன். கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. இதை உறுதி செய்ய, ‘என்வ் மைனஸ் ஐ’ என்று சூழலைத் துடைத்து, பாத் மாறியை மட்டும் கிரானுக்கு உள்ளது போலவே கொடுத்து ஓட்டினேன். அப்படிக் கொடுக்காவிட்டால் ஷெல் தன் சொந்தப் பாதையை நிரப்பிக்கொண்டு நம்மை ஏய்த்துவிடும். பிஜி டம்ப் வரி 127 என்னும் எண்ணோடு திரும்பியது. கட்டளையே கிடைக்கவில்லை என்று பொருள்.

அப்படியானால் இருநூறு நாள் என் லாக் கோப்பில் ‘முடிந்தது’ என்று எழுதியது யார்? நான்தான். டம்ப்பின் வெளியீட்டைப் பைப் வழியாக ஜிசிப்புக்கு அனுப்பி, அது வெற்றியானால் அந்த வரியை எழுதச் சொல்லியிருந்தேன். பைப் வரிசையில் எத்தனை கட்டளைகள் இருந்தாலும், ஷெல் வழக்கமாகக் கணக்கில் எடுப்பது கடைசிக் கட்டளையின் விடையைத்தான். மேலப்பாளையம் வழியாகப் போகும் பாளையங்கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் குரல் எழுப்புகிறவர் கடைமடை விவசாயி. ஷெல்லின் கடைமடைக்காரரோ, தலைமடையே அடைபட்டுக் கிடந்தாலும் ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

பிழைச் செய்தி எங்கே போயிற்று என்பது தனிக்கதை. கிரான் தான் ஓட்டும் வேலையின் வெளியீட்டை உரியவருக்கு மின்னஞ்சலாக அனுப்பும். டெபியன் என்னும் லினக்ஸ் ஓடும் அந்தச் சர்வரில் அஞ்சல் அனுப்பும் நிரல் எதையும் நான் நிறுவவில்லை. ஆகவே தினமும் ‘நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்’ என்று சர்வரின் பொதுக் குறிப்பேடான சிஸ்லாகில் ஒரு வரி எழுதிவிட்டுச் செய்தியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டது. அதற்கு மேல்வரியில், ஸ்கிரிப்ட்டை ஓட்டியதற்கான குறிப்பு இருந்தது. இடையில் எப்போதோ எட்டிப் பார்த்த நான் மேல்வரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்திருக்கிறேன்.

திருத்தும்போதும் இரண்டு முறை சறுக்கினேன். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரிசையும் தோற்றதாகக் கொள்ளும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை ஸ்கிரிப்ட்டின் தலையில் சேர்த்தேன். ‘இல்லீகல் ஆப்ஷன்’ என்று நின்றது. எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிட்டிருந்தும், கிரான்டாபில் ஸ்கிரிப்ட்டின் பெயருக்கு முன்னால் பழக்க தோஷத்தில் ‘எஸ்எச்’ என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் முதல் வரிக்கு மதிப்பே இல்லை. டெபியனில் 2011இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் எஸ்எச் என்பது டாஷ் என்னும் வேறொரு ஷெல். அந்தச் சர்வரில் இருந்த டாஷுக்குப் பைப்ஃபெயில் தெரியாது. அடுத்து, லாக் கோப்பின் பெயரில் தேதி வர வேண்டும் என்று கிரான்டாப் வரியிலேயே % குறியைப் போட்டேன். கிரான்டாபில் அது புதுவரிக்கு அடையாளம். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்ட பிறகுதான் அடங்கியது.

இரவு இரண்டு மணி என்று நான் நினைத்திருந்ததும் இரவு இல்லை. சர்வரின் கடிகாரம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருந்தது. அதன் இரண்டு மணி நமக்குக் காலை 7.30, அதாவது அண்ணாச்சி கடை திறந்து முதல் பில் போடும் நேரம். இப்போது சர்வரின் கணக்கில் 20.30 என்று மாற்றியிருக்கிறேன்; நமக்கு அது இரவு இரண்டு மணி.

மற்றச் சர்வர்களிலும் இப்படி ஏதும் உண்டா என்று பார்க்க, ஐந்து பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, சுழற்சியில் ஒவ்வொன்றாகப் படித்து, தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகச் சோதிக்கும்படி செய்தேன். முதலாவதோடு நின்றுவிட்டது. எஸ்எஸ்எச் தன் உள்ளீடு என்று கருதி, மிச்சமிருந்த நான்கு பெயர்களையும் விழுங்கிவிட்டது. உள்ளீட்டைப் படிக்காதே என்று அதற்குச் சொல்லும் ‘மைனஸ் என்’ சேர்த்தவுடன் ஐந்தும் வந்தன. அவற்றில் இன்னொன்றிலும் 20 பைட் கோப்புகள் இருந்தன. அது யாருடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை.

அண்ணாச்சியின் கணக்கைக் கடைக் கணக்குப்பிள்ளைதான் காப்பாற்றினார். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுப் பெட்டிச் சாவியோடு கட்டி வைப்பது அவர் வழக்கம். அதற்குப் பின்னான பதினோரு நாள் பில்களைக் கார்பன் படிகளைப் பார்த்து நானும் அவரும் இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினோம். அந்த வேலைக்கு நான் பணம் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

இப்போது அந்த ஸ்கிரிப்ட் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, டம்ப் முழுமையடைந்ததாகப் போஸ்ட்கிரஸ் கோப்பின் இறுதியில் இடும் வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் மாற்றுகிறது. காலை ஆறரை மணிக்குக் கோப்பின் அளவு எனக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. அண்ணாச்சி தமக்கும் அதை அனுப்பச் சொல்லியிருக்கிறார். போன வாரம் அளவு இரண்டு எம்பி குறைந்திருந்தபோது நான் கவனிக்கும் முன்பே அவர் போன் வந்துவிட்டது: “என்ன தம்பி, இன்னைக்கு எடை கொறையுதே?”