கூலர் குழாய்க்குள்ள குடியிருக்கிற சிப்பி
ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், நாகை துறைமுகத்துல விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்ல, அப்பதான் என்ஜின் சூட்டைத் தணிக்க கடல்தண்ணி ஓடுற கூலர் குழாய்க்குள்ள சிப்பிக்குஞ்சு வசதியா குடியேறும், தண்ணி வேகமா ஓடுனா அதுங்களால ஒட்ட முடியாது. கட்டும்போதே உப்புத்தண்ணிய வடிச்சிட்டு நல்லதண்ணி விட்டு அலசிருங்கப்பா.

சிப்பியாவது கண்ணுல படும், உள்ள படியுற வழுவழு படலம் இருக்கே அதுதான் மகா மோசம், மெல்லிசா இருந்தாலும் சூட்டை லேசுல கடத்தாது. பெரிய ஆலைகள்ல இதுக்கு குளோரின் விடுவாங்க, ஆனா நிறுத்தி நிறுத்தி விட்டா சிப்பி கில்லாடி, தன் மேலோட்டை இறுக்கி மூடிக்கிட்டு நாள்கணக்கா தாக்குப்பிடிக்கும், அதனால கொஞ்சமா ஆனா நிறுத்தாம விடணும். டைட்டானியம் குழாய் அரிக்காது சரி, ஆனா அதுல எல்லாமே ஒட்டும், செம்பு-நிக்கல்னா ஒட்டுறது குறைவு. குழாய் மாத்துறவங்க கடைக்காரர் பேச்சை மட்டும் கேக்காதீங்க.